சமூகமளிக்காதோர் 4 பேர்

எங்கள் 9 பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். 22 வயதில் பொன்னாடை போர்த்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், முதலில் கூச்சமாக இருக்கும், பிறகு கழுத்தெல்லாம் கடிக்கும். மேடையில் நிற்கும்போது எங்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "இதைக் கொண்டுபோய் அம்மாட்டக் குடுத்தா சாமிப் படத்துக்குப் பின்னால கட்டுவா." சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் படம்தான் எங்கள் எல்லோருடைய ஃபேஸ்புக்கிலும் கிடக்கிறது.

வன்னியில் ஒரு கிராமத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமுக்கு உதவியவர்களைக் கௌரவிக்கிற விழா அது. சத்திரசிகிச்சைக்கு வேண்டிய வில்லைகளுக்குக் காசு அனுப்பிய புலம்பெயர் அமைப்பு, சனிக்கிழமையும் வந்து வேலை செய்த வைத்தியர்கள், தாதிமார், மண்டபம் தந்தவர்கள், மலிவு விலையில் கண்ணாடி தந்த கடைக்காரர், கடைசியாகத் தொண்டர்களாகிய நாங்கள். இவர்களில் எவரையும் குறைத்துச் சொல்ல வரவில்லை. வில்லை இல்லாமல் கண்புரை சத்திரசிகிச்சை இல்லை. ஆனால் 6 உரைகள் இருந்தன. அதில் ஒருவர் எங்களைக் "கண் கொடுத்த தெய்வங்கள்" என்றார். கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற, அசைன்மென்டை நேரத்துக்குக் குடுக்காத தெய்வங்கள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். முகாமுக்கு முதல்நாள் அரை நாள் பழக்கினார்கள். 6 மீற்றர் அளந்து கதிரை போட வேண்டும். எங்களிடம் அளவுநாடா இருக்கவில்லை, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள், அல்லது அமத்தி விடுவார்கள், பிறகு அந்தக் கண் கொஞ்ச நேரத்துக்குக் கலங்கலாகத்தான் தெரியும். அட்டையில் 'ஈ' எழுத்து நாலு பக்கமும் திரும்பிக் கிடக்கும். அதன் கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும், வாசிக்கத் தெரியத் தேவையில்லை. சரியாகத் தெரியாதவர்களுக்கு ஒரு கறுப்பு மட்டையில் உள்ள சின்னத் துளையால் பார்க்கக் குடுப்போம். துளையால் பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடியோடு சரிவரும். அப்போதும் தெரியாவிட்டால் வைத்தியரின் வரிசைக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் எங்கள் வித்தை.

பழக்கும்போது யாரும் சொல்லித்தராத ஒன்று இருந்தது. வயதானவர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள். "தெரியுதோ அம்மா?" என்றால் "ஓம் பிள்ளை, நல்ல வடிவாத் தெரியுது." கையைக் காட்டச் சொன்னால் வாசல் பக்கம் காட்டுவார்கள். எங்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதாம். ஒரு ஐயா முன்னுக்கு இருந்தவர் கை காட்டியதைப் பாடமாக்கி வைத்திருந்தார். இன்னொருவருக்கு ஒரு கண்ணைச் சுற்றி ஷெல் துண்டுக் காயம். "இந்தக் கண்ணை விடுங்கோ, மற்றதைப் பாருங்கோ" என்று எங்களுக்கு அவரே வேலையைப் பிரித்துத் தந்தார். 40 தாண்டிய பெண்கள் பலருக்கு வாசிப்புக் கண்ணாடி மட்டும்தான் தேவைப்பட்டது. அதைப் போட்டதும் அவர்கள் முதலில் பார்த்தது தங்கள் கை நகங்களை.

கண்புரை என்று 23 பேரைத் தெரிவு செய்தார்கள். சீனி, பிறஷர் எல்லாம் பார்த்து, நகரத்து வைத்தியசாலையில் திகதி எடுத்து, அன்று காலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது ஏற்பாடு. 19 பேர் போனார்கள். அறிக்கை எழுதுவதும் எங்கள் பொறுப்பு. மிச்சப் பேருக்கு நாங்கள் எழுதிய தலைப்பு: "சமூகமளிக்காதோர் 4 பேர்."

விழாவுக்குத் திரும்ப வருகிறோம். பற்றீஸும் பிளேன்ரீயும் குடுத்துக்கொண்டிருந்தபோது ஓட்டோ அண்ணை வந்தார். முகாம் நாளில் நடக்க ஏலாதவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி வந்தவர் அவர். முதல் ஓட்டத்துக்குத்தான் பெற்றோலுக்குக் காசு வாங்கினார். பிறகு குடுத்தபோது "விடுங்கோ தம்பியவை" என்றார். விழாவுக்கும் அவர் அழைக்கப்பட்டு வரவில்லை. மேடையில் காட்டுவதற்கென்று கூப்பிட்ட மூன்று முதியவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, பின்வரிசையில் இருந்தார். எங்கள் பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பியவை, அந்தக் கடைசி வீட்டு ஆச்சி உங்களைக் கேட்டவ."

"என்னவாம் அண்ணை?"

"பஸ் எப்ப வருமெண்டு."

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பஸ் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த நாளே போனோம். ஆச்சி தனிய இருக்கிறவ. மகன் கொழும்பில் வேலை. நாலு ஆடு. கிணற்றடியில் விழுந்து முழங்கையில் உரசிய காயம் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் குரலில்தான் அடையாளம் கண்டா. கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நடந்ததை அவ சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் குனிந்தோம்.

முகாம் நாளில் நாங்கள்தான் அவவுக்குச் சொல்லியிருந்தோம், காலை 5.30க்குப் பாடசாலைக்கு முன்னால் நிற்கச் சொல்லி. அதற்குப் பிறகு பாடசாலைப் பக்கம் றோட்டைக் கிண்டிப் போட்டார்கள். பெரிய பஸ் திரும்ப முடியாது என்று, ஏறுமிடத்தை முன்பள்ளிச் சந்திக்கு மாற்றினோம். மாற்றியதை வட்ஸ்அப் குறூப்பில் போட்டோம். குறூப்பில் பெருவிரல்கள் வந்தன, கைகூப்பல்கள் வந்தன, எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தோம். ஆச்சியிடம் போன் இல்லை. எங்கள் படிவத்தில் அவவின் பெயருக்கு நேரே இருந்தது பக்கத்து வீட்டு இலக்கம், அந்த வீட்டார் அந்தக் கிழமை ஊரில் இல்லை.

ஆச்சி தோய்ந்து, வெள்ளைச் சீலை உடுத்து, ஒரு பையில் சோப்பும் துவாயும் போட்டுக்கொண்டு விடிய முன்னரே பாடசாலை வாசலுக்குப் போயிருக்கிறா. அந்தக் கண்ணோடு, இருட்டில், கிண்டிப் போட்ட றோட்டால். "மற்ற றோட்டில பஸ் சத்தம் கேட்டது மேனை. இஞ்சாலதான் வரும் எண்டு நிண்டனான்." பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்து மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறா.

அவ சமூகமளித்திருந்தா. நாங்கள்தான் சமூகமளிக்கவில்லை. அறிக்கை அச்சாகி, காசு அனுப்பியவர்களுக்குப் போய், விழாவில் வாசிக்கப்பட்டும் விட்டது. மற்ற மூன்று பேரையும் தேடிப் பார்த்தோம். ஒருவருக்குச் சீனி கூடித் திகதி தள்ளிப்போயிருந்தது, ஒருவர் வவுனியாவில் மகள் வீட்டில், ஒருவர் பயத்தில் ஒளித்திருந்தார். நாலு வேறு கதைகளுக்கு நாங்கள் போட்டது ஒரே தலைப்பு.

விழாவில் ஒரு பேச்சாளர் ஹட்சன் சில்வாவைப் பற்றிச் சொன்னார். அவர் 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது, பிறகு எத்தனையோ நாடுகளுக்கு. பெருமையான விஷயம்தான். (ஒரு சின்னத் திருத்தம், நாங்களும் முகாமில்தான் படித்தது: தானமாகக் கிடைக்கிற கண்ணிலிருந்து பொருத்துவது கண்ணின் முன்பக்கத்துப் படலத்தை. கண்புரைக்குத் தானக் கண் தேவையில்லை, உள்ளே மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள்.) இந்த நாட்டிலிருந்து கண் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆச்சிக்குப் போக வேண்டியிருந்தது சில மைல் தூரம்.

அதற்குப் பிறகுதான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றித் தேடி வாசித்தோம். டொக்டர் வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கியது. மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு சத்திரசிகிச்சை செய்தவர் அவர். வில்லை விலை கூட என்று 1992இல் அவர்களே செய்யத் தொடங்கினார்கள். இதெல்லாம் பலருக்குத் தெரியும். எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. சத்திரசிகிச்சை இலவசம் என்று சொல்லியும் ஆட்கள் வரவில்லை. ஏனென்று பார்த்தால் பஸ் காசு, சாப்பாடு, கூடவருகிற ஆளின் ஒருநாள் கூலி. பிறகு அதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக எடுத்து, வாகனமும் சாப்பாடும் ஒழுங்கு செய்தார்கள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி படித்துத் தெரிந்துகொண்டதை எங்கள் ஓட்டோ அண்ணை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தார். மாதர் சங்கத்து அன்ரியும்தான். சத்திரசிகிச்சை முடிந்தால் வாரக்கணக்கில் ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டும். கை நடுங்குகிற ஆட்கள் தங்களுக்குத் தாங்களே விட்டால் பாதி கன்னத்தில் போகும். 19 பேரில் தனிய இருந்த ஐந்து பேருக்கு அன்ரிதான் சைக்கிளில் போய்ப் போய் விட்டவ. விழா நேரம் அவ எங்கே என்று கேட்டோம். மருந்து விடப் போயிருந்தா.

ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். அறிக்கையில் அந்த வரியைத் திருத்தி, பிழை எங்களுடையது என்று பெயர்களோடு போட்டோம். அண்ணையையும் அன்ரியையும் அடுத்த விழாவுக்குக் கூப்பிடலாம் என்று பதில் வந்தது. அண்ணையிடம் சொன்னோம். "பொன்னாடையை விடுங்கோ, அடுத்தமுறை பெற்றோலுக்கு முதலே ஒரு கணக்கு வையுங்கோ" என்றார். வைத்திருக்கிறோம்.

ஆச்சிக்குப் புதுத் திகதி மூன்று கிழமைக்குப் பிறகு கிடைத்தது. அண்ணையின் ஓட்டோவில் வீட்டு வாசலிலேயே ஏற்றினோம். ஏற முன்னர் அவ கேட்ட ஒரே கேள்வி, "ஆட்டுக்கு ஆர் குழை போடுறது?" எங்களில் ஒருவன் இரண்டு நாள் அங்கே நின்றான். ஒரு ஆடு அவனுடைய அரசறிவியல் நோட்ஸில் பாதியைத் தின்றது.

கட்டு அவிழ்த்த பிறகு ஆச்சி எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னப் பிள்ளையளோ நீங்கள்!" என்றா. கொஞ்சம் ஏமாற்றம்தான் போல.

சொட்டு மருந்து விடுகிற அட்டவணையை அன்ரி ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறா. திங்கள் முதல் வெள்ளி வரை அவவின் பெயர். சனி, ஞாயிறு எங்களுடையது.