பூனையின் தவம்

செங்கற்பட்டில் ஒரு டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி நிறுத்தினார். முள் 87-ல் போய் நின்றது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியையும் கழற்றிப் பார்த்தேன். முள்ளுக்கு இரக்கமே இல்லை.

"எட்டுக் கிலோ குறைக்க வேண்டும். அப்பா இருக்கிறாரா?" என்றார் டாக்டர்.

"இல்லை. 58 வயதில் போய்விட்டார்."

"சர்க்கரையா?"

"சர்க்கரைதான்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு 46 முடிந்திருந்தது. வீடு வந்து சேரும் வரையில் 58-லிருந்து 46-ஐக் கழித்துக்கொண்டே வந்தேன். எத்தனை தடவை கழித்தாலும் விடை 12-தான்.

வைராக்கியம் பிறந்தது. ஆனால் மனித வைராக்கியம் சுலபமான வழி கண்ணில் படுகிற வரைக்கும்தான் நிற்கும். அம்மாவுக்குப் பல வருஷங்களாக நீரிழிவு. காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாகப் பொட்டுப் போல ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாள். "இனி எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று மனைவியிடம் கம்பீரமாக அறிவித்துவிட்டு, அம்மா பார்க்காத சமயத்தில் அந்த டப்பியிலிருந்து ஒன்றை எடுத்து என் டம்ளரில் போட ஆரம்பித்தேன்.

கணக்குப் பிரமாதமாக இருந்தது. நாலு காப்பிக்கு எட்டுக் கரண்டி சர்க்கரை. சின்னக் கரண்டிக்குச் சுமார் 20 கலோரி என்றாலும் நாளொன்றுக்கு 160 மிச்சம். மாதம் அரைக் கிலோவாவது இறங்க வேண்டும் அல்லவா? மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறினேன். முள் 88 காட்டிற்று!

காரணத்தை மனைவிதான் சொன்னாள்: "மிச்சத்தை மட்டும் கணக்கிலே எழுதிக்கிறீங்க. 'சர்க்கரை இல்லாத காப்பிதானே'ன்னு சொல்லிட்டு வடைத் தட்டைக் கிட்டே இழுத்துக்கிறதை யார் எழுதறது?"

கதை எழுதுகிறவனுக்குத் தோற்றுப்போனாலும் விசாரிக்காமல் இருக்க முடிவதில்லை. இந்தத் தித்திப்புகளின் ஜாதகத்தைப் புரட்டினேன். 1879-ல் அமெரிக்காவில், பால்ட்டிமோர் நகரத்து ஆராய்ச்சிச் சாலையிலிருந்து கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்த பால்பர்க் என்பவருக்குத் தொட்டதெல்லாம் தித்தித்தது. சாக்கரின் பிறந்தது. 1976-ல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற நம் நாட்டவரிடம் பேராசிரியர் ஒரு பொருளை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார். அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுதான் சுக்ரலோஸ், சர்க்கரையைப் போல் சுமார் 600 மடங்கு தித்திப்பு. ஒருவர் கை கழுவவில்லை. இன்னொருவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. உலகத்துக்கு இனிப்புக் கிடைத்தது!

ஆனால் உடம்பு இளைக்குமா? டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீரிழிவுக்காரர்கள் சிலர் காப்பி, டீயில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் போட்டுக்கொண்டார்கள். 12 வாரத்தில் எடை குறைந்தது உண்மைதான். சராசரியாகச் சுமார் 300 கிராம்! உலக சுகாதார நிறுவனமோ 2023 மே மாதத்திலேயே, எடை குறைப்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது. முதலில் சற்றுக் குறையலாம்; நாளடைவில் பலன் நிற்பதில்லையாம். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களிடம் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆனால் மாத்திரையால் நோய் வந்ததா, நோய்க்குப் போகிற வழியில் இருந்தவர்கள்தாம் மாத்திரையைத் தேடினார்களா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது வகைக்கு உதாரணம் வேண்டுமானால் என்னைக் காட்டலாம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே டப்பி அம்மாவுக்கு நியாயம், எனக்கு அநியாயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஐந்நூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறியிருக்கிறார். உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து குருக்கள் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைக் கொத்திவிட்டுப் பறந்து போயின. கழுகுகள் வருவது 1990-களின் கடைசியில் நின்றுவிட்டது. படி ஏறின அப்பாவும் இல்லை. எனக்கோ இன்று வெறுந்தோளோடு பாதி மலை ஏறினாலே மூச்சு வாங்கும்.

மகாபலிபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்றேன். பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு. யாராயிருந்தாலும் ஒற்றைக் காலில், கைகளைத் தூக்கி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல நிற்கிறார். கீழே ஒரு பூனையும் அப்படியே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்த பூனைதான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வடைத் தட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் மாத்திரையோடு உட்கார்ந்திருந்த ஆசாமி நினைவுக்கு வந்தான்.

கடற்கரைப் பக்கத்து டீக்கடையில், "சர்க்கரை பாதி போதும்" என்றேன். அந்த டீயை எப்படியோ குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு பாதி கால் ஆயிற்று. கால் இல்லாமலும் ஆயிற்று. வடையின் கணக்கை மனைவி எழுதுகிறாள். சாயங்காலத்தில் கொளவாய் ஏரிப் பக்கம் நடக்கிறேன். முள் இப்போது 84-ல் நிற்கிறது. டாக்டர் சொன்ன எட்டில் இன்னும் ஐந்து பாக்கி.

மகாபலிபுரத்திலிருந்து திரும்பிய அன்றிரவு அம்மா டப்பியைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, இதிலே பாதி மாத்திரையைக் காணோமே, பூனை கீனை தின்னுடுச்சா?"

"ஆமாம் அம்மா, பூனைதான். இனிமேல் தின்னாது" என்றேன்.