இடது ஃப்ளிப்பருக்கு என்ன ஆச்சு?

அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் பழைய பின்பால் மெஷின் ஒன்று நிற்கிறது. 1970-களில் செய்யப்பட்டது. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கல்யாணமான புதிதில் வாங்கியது. இருவரும் தோளோடு தோள் நின்று ஆடுவார்கள். வலது பட்டன் அவருக்கு, இடது பட்டன் மனைவிக்கு. மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அதன்பிறகு அவர் மெஷினை ஆன் செய்யவே இல்லை.

விடுமுறைக்கு வந்த பேத்தி, "இது ஓடுமா தாத்தா?" என்று கேட்டாள். ஸ்விட்சைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. வலது ஃப்ளிப்பர் 'டக்'கென்று அடித்தது. இடது ஃப்ளிப்பர் மட்டும் சோம்பலாக எழுந்து, பந்தை லேசாகத் தொட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

பின்பாலில் ஃப்ளிப்பர்தான் உயிர். சரிவான பலகையில் உருண்டு வரும் இரும்புக் குண்டை மேலே அடித்து அனுப்பும் குட்டி மட்டை அது. 1947-ல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான் மின்சார ஃப்ளிப்பர் முதலில் வந்தது. வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அதற்கு முன்பு பந்தை விட்டுவிட்டு, மெஷினை லேசாக அசைத்தபடி அது எங்கே விழுகிறது என்று பார்த்திருப்பதுதான் பெரும்பாலும் ஆட்டம்.

"காயில் போயிருக்கும்ப்பா. புதுசு மாத்திடலாம்" என்றார் மகன். பலரும் முதலில் நினைப்பது அதைத்தான். தாத்தா அவசரப்படவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். குண்டை எடுத்து வைத்துவிட்டு, பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்.

முதலில் ஃப்ளிப்பரைக் கையால் அசைத்தார். காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையும் தேய்ந்திருந்தால் எங்காவது உரசும். உரசவில்லை. ஸ்பிரிங்கும் சரியாகவே இழுத்தது. பட்டனின் காண்டாக்ட்டும் சுத்தமாக இருந்தது. வலது பக்கம் நன்றாக அடிப்பதால், கரன்ட் வரத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. மிச்சம் ஒரே ஒரு குட்டி ஸ்விட்ச்.

காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. தடித்த கம்பி, ஓங்கி அடிக்க. மெல்லிய கம்பி, பட்டனை அழுத்தியே இருக்கும்போது ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடிக்க. இந்த ஸ்விட்ச் மூடியிருக்கும்வரை தடித்த சுற்றில் கரன்ட் முழு பலத்தோடு பாயும். ஃப்ளிப்பர் உச்சிக்குப் போனதும் ஸ்விட்சைத் திறந்துவிடும். பிறகு மெல்லிய சுற்றையும் கடந்துதான் கரன்ட் போக வேண்டும் என்பதால் பலம் குறைந்துவிடும். ஸ்விட்சின் முனையில் அழுக்குப் படிந்தால், ஆரம்பத்திலிருந்தே அந்தக் குறைந்த பலம்தான் கிடைக்கும். பார்ப்பவருக்குக் காயில் செத்துப்போனதுபோலத் தெரியும்.

டார்ச் அடித்துப் பார்த்தார். முனைகள் கறுத்திருந்தன. சும்மா கிடந்த இரண்டு வருடத்தின் வேலை. மெல்லிய அரத்தால் நாலு முறை தேய்த்தார். ஃப்ளிப்பரை மேலே தூக்கிப் பிடித்து, முனைகள் விலகுகின்றனவா என்றும் பார்த்தார். விலகாவிட்டால் முழு கரன்ட்டும் நிற்காமல் பாய்ந்து காயில் கருகிவிடும். மாறாக, மெல்லிய கம்பி அறுந்திருந்தால் ஃப்ளிப்பர் நிற்க முடியாமல் 'டகடக'வென்று துடிக்கும்.

பலகையை இறக்கிக் குண்டைப் போட்டு, பிளக்கைச் செருகினார். மகன் இடது பட்டனை அழுத்தினார். குண்டு மேல் மூலைவரை பறந்தது.

"இனிமே வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டணும்" என்றார் தாத்தா, கையைத் துடைத்துக்கொண்டே. வலது பக்கம் போய் நின்றார். யாரும் சொல்லாமலே பேத்தி இடது பக்கம் வந்து நின்றுகொண்டாள்.