பெக்கான் நெனாஸ்: மழையில் ஓர் அன்னாசிப் பயணம்

ஜப்பானின் யோக்கோஹாமா நகரில் கப் நூடல்ஸுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2011இல் திறந்தார்கள். கிண்ணத்தின் மேல் நாமே படம் வரைந்து, உள்ளே என்னென்ன போட வேண்டும் என்று நாமே சொல்லி, மூடி வாங்கிக்கொண்டு வரலாம். அங்கே போய் வந்த எங்கள் நண்பர் ஒருவர், தான் வரைந்த கிண்ணத்தைப் பிரிக்காமல் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார். நூடல்ஸ் பார்க்க ஜப்பான் வரை போனாயா என்று நாங்கள் கேலி செய்தபோது அவர் திருப்பிக் கேட்டார்: "நம்ம ஜொகூர்லயே சாப்பாட்டுக்கு ஒரு மியூசியம் இருக்கு. அதையாவது பார்த்திருக்கீங்களா?"

அவர் சொன்னது பெக்கான் நெனாஸில் இருக்கும் அன்னாசி அருங்காட்சியகத்தை. ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குப் போகும் சாலையில் நாங்கள் போகாத மாதம் கிடையாது. குக்குப்பில் மீன் சாப்பிட, பொந்தியானில் வந்தான் மீ சாப்பிட, தஞ்சோங் பியாயில் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியில் நின்று படம் பிடிக்க. வழியில் பெக்கான் நெனாஸ் வரும், போகும். காரை நிறுத்தியதில்லை.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் குறித்தோம். முதல் நாள் இரவே மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜொகூரில் சுற்றுலா போகத் திட்டம் போடுகிறவர்கள் குடையையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் பாலத்து நெரிசலைக் கடந்து நள்ளிரவில்தான் வீடு வந்திருந்தார். "நாளைக்குப் போலாமா?" என்று புலனத்தில் கேட்டார். பாதித் தூக்கத்தில் எல்லாரும் வேண்டாம் என்று சொல்லியிருப்போம். ஆனால் தோழி ஒருத்தி, "அம்மா காலையிலயே சேலை எடுத்து வச்சிட்டாங்க, வரலன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று எழுதினாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தோழியின் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். வீட்டில் தனியாக விட முடியாது என்றுதான் மகள் அழைத்து வந்தாள். அன்னாசி பார்க்கப் போகிறோம் என்றதும் அம்மா கேட்ட கேள்வி, "அதைப் போய் எதுக்குக் காசு கொடுத்துப் பார்க்கணும்?"

ஸ்கூடாயில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். நாங்கள் தோசை, ரொட்டி சானாய் என்று இறங்க, அம்மா ஒரு தே ஓவோடு நிறுத்திக்கொண்டார். வழக்கமாக வலப்பக்கம் தெரியும் குனோங் பூலாய் மலை அன்று மேகத்துக்குள் போயிருந்தது. சாலையோரக் கடைகளில் பழங்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, மேலே நீல நிறத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

ஊரின் பெயரே அன்னாசிப் பட்டணம் என்பதுதான். பெக்கான் என்றால் சிறு நகரம், நெனாஸ் என்றால் அன்னாசி. இந்த நெனாஸும் நம் அன்னாசியும் உண்மையில் ஒரே சொல். தென் அமெரிக்காவில் தூப்பி மொழி பேசிய மக்கள் இந்தப் பழத்துக்கு வைத்த பெயரைப் போர்த்துகீசியர்கள் அனனாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். பழத்தோடு பெயரையும் கப்பலில் ஏற்றி, 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆங்கிலேயர் மட்டும் அதைப் பைன் மரத்துக் காயோடு ஒப்பிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுச் சினிமாவில் பைனாப்பிள் என்கிறார்கள். மலேசியாவில் நம் வீடுகளில் இன்னும் அன்னாசிதான்.

அருங்காட்சியகம் பெரிதல்ல. யோக்கோஹாமாவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சாவகாசமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம். பழத்தின் வரலாறு, வகைகள், பயிரிடும் முறை, டின்னில் அடைக்கும் தொழில், அன்னாசியிலிருந்து செய்யும் பொருள்கள் என்று போகிறது. விளக்கங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அதனால் மகள் ஒவ்வொரு பலகையாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான்கு பலகைகள் தாண்டியதும் நிலைமை மாறிவிட்டது. மகள் ஒரு வரி சொன்னால் அம்மா ஐந்து வரி சொன்னார்.

"இது மோரீஸ். இலை பூரா முள்ளு. கைச்சட்டை ரெண்டு போட்டாலும் கிழிக்கும். இது சரவாக், பெரிய பழம், இலையில முள்ளு கம்மி. டின்னுக்குப் போறது காண்டுல். எங்களுக்கு அதுதான் சோறு."

பெயர்ப் பலகையைப் பார்க்காமலே சொன்னார். கூட வந்த எங்கள் நால்வருக்கும் கடையில் 'ஒரு அன்னாசி' என்று கேட்கத்தான் தெரியும்.

டின் தொழில் நமக்குச் சொல்லப்படாத ஒரு கதை. பள்ளியில் ரப்பரும் ஈயமும்தான் படித்தோம். ஆனால் 1930களில் டின் அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு. தொழில் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிங்கப்பூரில். அது வளர்ந்ததற்குக் காரணம் ரப்பர். பால் மரம் நட்டால் சீவுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை முதலாளி என்ன செய்வார்? கன்றுகளுக்கு நடுவே அன்னாசி நட்டார்கள். அது ஒன்றரை ஆண்டுக்குள் பழம் தந்துவிடும். அந்தக் காசில் ரப்பர் வளர்ந்தது. தான் கா கீ 1904இல் தனியாகத் தொழில் தொடங்கியது அன்னாசி டின்னில்தான். சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்துக்குப் பெயர் தந்த லிம் நீ சூனை அன்னாசி மன்னர் என்றே அழைத்தார்கள். தான் கா கீயின் மருமகன் லீ கோங் சியானும் ரப்பர், அன்னாசி இரண்டிலும் பெரும் பணக்காரரானவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தொழிற்சாலைகள் நின்றன, வயல்கள் காடாகின. போருக்குப் பிறகு மறுபடி எழுந்து, 1957இல் அன்னாசித் தொழிலுக்கென்று தனி வாரியமே அமைந்தது. பிறகு தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

"ராஜாங்கள்லாம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தார். "எங்க தோட்டத்துக்குக் கிராணிதான் ராஜா."

வானொலிக்காரப் பழக்கம், கையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அம்மா பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். சரி என்றார். கருவியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். அன்னாசி ஒரு சிறந்த பழம்" என்று தொடங்கினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கருவியை அணைத்துப் பைக்குள் போட்ட பிறகுதான் உண்மையான பேச்சு வந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். பழைய காற்சட்டை, அதற்கு மேல் கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. முதுகில் கூடை. பழத்தை வெட்டிக் கூடையில் போட்டு, கூடை நிறைந்ததும் கித்தாங் கட்டை மாதிரி கிடக்கும் பலகையில் நடந்து, கால்வாயைத் தாண்டிச் சாலையோரம் கொட்ட வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் காசு. மழை நாளில் பலகை வழுக்கும். வெயில் நாளில் இலையின் முள் சட்டையைத் தாண்டிக் குத்தும். இன்னொரு வேலை மருந்து ஊற்றுவது. அன்னாசி தன் விருப்பத்துக்கு விட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு நேரத்தில் பூக்கும். தொழிற்சாலைக்கு எல்லாப் பழமும் ஒன்றாக வேண்டும். அதனால் செடி செடியாகக் குனிந்து குருத்தில் மருந்து விடுவார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை செடி?" என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டார். "குனிஞ்சா நிமிர மாட்டோம், எண்ண எங்கே நேரம்?" என்றார் அம்மா.

மண்ணைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். ஜொகூரின் மேற்குக் கரையில் பெரும்பாலும் கரிமண். மரங்களும் இலைகளும் தண்ணீரில் ஊறி, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த மண். புளிப்பு அதிகம். மற்றப் பயிர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் அன்னாசி வளரும். மலேசிய அன்னாசியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மண்ணில் விளைவது. ஆனால் அதற்குக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்தால் மண் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும், வறண்டால் தீப்பிடிக்கும். "மேலே நெருப்பே தெரியாது. காலுக்குக் கீழே புகையும். கால் வச்சா உள்ள போயிடும்" என்றார். அன்று வெளியே கொட்டிய மழையில் இதைக் கேட்க விசித்திரமாக இருந்தது. வறண்ட மாதங்களில் புகைமூட்டம் வரும்போதெல்லாம் எனக்கு இனி இந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

பிறகு புரோமெலின் என்ற நொதிக்கு வந்தோம். அன்னாசியில் இருக்கும் இது புரதத்தைச் சிதைக்கும். இறைச்சியை மென்மையாக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையாததும் இதனால்தான். டின் அன்னாசி போட்டால் உறையும், ஏனென்றால் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. (நம் அகர் அகருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கடல்பாசி.) நிறையச் சாப்பிட்டால் நாக்கு எரிவதற்கும் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. பழத்திலுள்ள ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் குத்த, நொதி வேலையைக் காட்டுகிறது.

மகள் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா தன் வலது கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார். எங்களுக்குப் புரியவில்லை. மகள்தான் சொன்னாள். சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அம்மாவின் அடையாள அட்டையைப் போட்டுக் கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஈரப்படுத்தி வைத்தார், இடது விரலை வைத்தார். பின்னால் வரிசை நீண்டது. "நீங்கதானாம்மா இது?" என்று கேட்டாராம் முகப்பில் இருந்தவர். மகள் சத்தம் போட்டிருக்கிறாள். அம்மா ஒன்றும் பேசவில்லையாம்.

அன்னாசிச் சாறு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். முள்ளும் மண்ணும் கத்திப்பிடியும் வயதும் சேர்ந்துதான் ரேகையைத் தேய்த்திருக்கும். அம்மாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "நாம பழத்தைத் தின்னோம், பழம் நம்மளத் தின்னுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

அடுத்தது ஜோசாபைன். ஜொகூர் வகையையும் சரவாக் வகையையும் கலந்து மார்டி ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கி 1996இல் வெளியிட்ட பழம். பெயரிலேயே ஜொகூரும் சரவாக்கும் இருக்கின்றன. டின்னுக்கில்லை, அப்படியே வெட்டிச் சாப்பிட. அம்மா இதில் ஆர்வம் காட்டவில்லை. அவர் வேலையை விட்ட பிறகு வந்தது. இப்போது அந்தத் தோட்டத்தில் லயங்கள் இல்லை, பெரும்பகுதி செம்பனை. லயத்தில் இருந்தவர்கள் கூலாய், ஸ்கூடாய், மாசாய் அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு வருடம் ஒரு முறை கூடுகிறார்களாம், அதுவும் கூட்டம் குறைந்து வருகிறதாம்.

போக நினைப்பவர்களுக்கு: கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நம்பி ஒரு நாளை ஒதுக்க வேண்டாம், குக்குப்பையோ பொந்தியானையோ சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் முன் இருக்கையைக் கொடுத்து அழைத்துப் போங்கள்.

எங்கள் தஞ்சோங் பியாய்த் திட்டம் மழையில் கரைந்தது. திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் நிறுத்தினோம். நான் நல்ல மஞ்சளாக ஒன்றை எடுத்தேன். அம்மா அதை வாங்கி, அடிப்பக்கத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். வேறொன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். கண்கள் அகலமாகத் தட்டையாக இருக்க வேண்டுமாம், அடி மணக்க வேண்டுமாம், புளித்த வாடை வந்தால் தொடக்கூடாதாம். கடைக்காரப் பெண் தோல் சீவக் கத்தியை எடுத்தார். அம்மா மலாயில் ஏதோ சொல்ல, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டார்.

தோலை மெல்லிசாகச் சீவினார். கண்கள் சாய்வு வரிசையாக நின்றன. அந்தச் சாய்விலேயே கத்தியை வைத்து வாய்க்கால் வெட்டுவது போல் வெட்ட, ஒரு வரிசைக் கண்களும் ஒரே இழுப்பில் வந்தன. பழத்தைச் சுற்றிச் சுற்றி வாய்க்கால்கள். நேராகத் தோலை ஆழமாக வெட்டினால் பாதிப் பழம் குப்பைக்குப் போகும் என்றார். பிறகு உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு.

தார்ப்பாயின் மேல் மழை அடித்த சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டோம். மகள் கைப்பேசியில் அம்மாவின் கையைப் படம் பிடித்தாள். கடைக்காரப் பெண் ஒரு பழத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு இரண்டாவதைச் சும்மா கொடுத்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து வெள்ளியை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ஓர் அன்னாசியைத் தூக்கி வைத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.