இருந்திருந்தால்!

தீக்குச்சியை உரசினால் தீப்பற்றும். இதிலே ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த செய்திக்குப் பேராசிரியர்கள் கூடிப் பேசவும் வேண்டுமோ என்று நகைப்பீர்கள். பேசுகிறார்கள், தோழர்களே! நேற்று இன்றல்ல, பல பத்தாண்டுகளாகப் பேசுகிறார்கள். 1947ஆம் ஆண்டிலே, நெல்சன் குட்மன் என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலே, நடுவிலே நிறுத்தி விசாரிக்கப்பட்ட பொருள்களில் ஒன்று, ஒரு சின்னஞ்சிறு தீக்குச்சி!

உரசப்படாத குச்சி அது. அதைக் காட்டி, உரசியிருந்தால் எரிந்திருக்கும் என்கிறோம். நடவாத ஒன்றைப் பற்றி இத்தனை உறுதியாக எப்படிப் பேசுகிறோம்? உரசல் ஒன்று போதுமா? குச்சி உலர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஆக்சிஜன் இருக்க வேண்டும். மருந்து முறையாக அமைந்திருக்க வேண்டும். இவ்வளவும் கூடினால்தான் தீ. அப்படியிருக்க, இவற்றிலே ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, ‘இதுதான் காரணம்’ என்று முத்திரையிடும் உரிமையை நமக்கு யார் தந்தது?

வேடிக்கையான கேள்வியாகத்தான் முதலிலே எனக்கும் பட்டது.

2020ஆம் ஆண்டு, கொரோனா நோய்த்தொற்று பல்கலைக் கழகக் கதவுகளைச் சாத்திவிட்ட காலம். விஞ்ஞானிகளும் தத்துவ அறிஞர்களும் கருத்தரங்கக் கூடங்களை விட்டுத் திரையிலே முகம் பார்த்து உரையாடலாயினர். ஒருவர் ஒரு கண்டத்தில், மற்றவர் வேறொரு கண்டத்தில். கேட்பவனோ விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டு ஊர் ஒன்றில்! பட்டாசும் தீப்பெட்டியும் படியளக்கும் மண்ணிலே பிறந்தவன் நான். என் அன்னை தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கிப் பெற்ற கூலியில் படித்தவன். கைப்பேசியைச் செவியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, பௌதிக அறிஞர் ஒருவரும் தத்துவப் பேராசிரியர் ஒருவரும் நடத்திய வழக்கைக் கேட்டேன். ‘காரணம் என்பது யாது?’ என்பதே வழக்கு.

பௌதிக அறிஞர், பெர்ட்ரண்டு ரஸ்ஸலைத் துணைக்கு அழைத்தார். வளர்ந்துவிட்ட விஞ்ஞானத்தின் சமன்பாடுகளில் ‘காரணம்’ என்ற சொல்லுக்கே வேலையில்லை என்று 1913இல் வெளிவந்த தம் கட்டுரையில் வாதிட்டவர் ரஸ்ஸல். தத்துவப் பேராசிரியர் விடவில்லை. சமன்பாட்டுக்கு வேண்டாதிருக்கலாம், மருத்துவருக்கு வேண்டுமே, நீதிபதிக்கு வேண்டுமே, பொறியாளருக்கு வேண்டுமே என்றார். சொல்லிவிட்டு எடுத்தார் தீக்குச்சியை! எங்கள் வீட்டுப் பொருளை, எங்கோ இருக்கும் அறிஞர், உலக உண்மைக்குச் சான்றாக நிறுத்துகிறார். பெருமிதம் கொண்டேன். அந்தப் பெருமிதத்தைப் பொசுக்கும் நாள் ஒன்று வந்தது.

2021ஆம் ஆண்டு, பிப்ரவரி 12. சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளம். பட்டாசு ஆலையிலே வெடிவிபத்து. இருபதுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் மாண்டனர். காலையிலே தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன ஆண்களும் பெண்களும், மாலையிலே வீடு திரும்பவில்லை. முன்னரும் கண்ட கொடுமைதான். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இரண்டு பேரிடர்களுக்கும் இடையிலே சிறிதும் பெரிதுமாக எத்தனையோ!

இப்படி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் எங்கள் பக்கத்திலே இரண்டு சொற்கள் ஒலிக்கும். செய்தித்தாள் சொல்லும் சொல், ‘உராய்வு’. சாவு வீடு சொல்லும் சொல், ‘விதி’. முன்னது விஞ்ஞானம், பின்னது மடமை என்று பிரித்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர்களில் நானும் ஒருவன். திரையிலே கேட்ட வழக்கு அந்த உறக்கத்தைக் கலைத்தது. இரண்டு சொற்களும் செய்கிற வேலை ஒன்றுதான்: கேள்வியை முடித்து வைக்கின்றன!

உராய்வு என்பது பொய்யன்று. பட்டாசு மருந்திலே எரியும் பொருளும் உண்டு, அது எரிய ஆக்சிஜன் வழங்கும் உப்பும் உண்டு. கந்தகமும் அலுமினியத் தூளும் வெடியுப்போடு கலந்துவிட்டால், வெளிக்காற்றை எதிர்பாராமலே எரிய ஆயத்தமாகிவிடும். ஒரு தேய்ப்பு, ஒரு சிறு பொறி, உடையில் சேர்ந்த நிலைமின்சாரம், இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ஈரம் பட்ட அலுமினியக் கலவை, கை படாமலே உள்ளுக்குள் சூடேறவும் கூடும். விஞ்ஞானம் இவ்வளவையும் தெளிவாகச் சொல்லுகிறது. ஆனால், உராய்வு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பழி யார்மீது விழுகிறது? உராய்ந்த கையின்மீது! அந்தக் கையோ, சாட்சி சொல்ல இல்லாமல் எரிந்துபோன கை.

எங்கள் தெருவிலே ஒரு பெரியம்மா இருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில், வேறோர் ஆலையில், உடன்பிறந்த தங்கையை வெடிவிபத்திலே பறிகொடுத்தவர். அச்சங்குளத்துச் செய்தி வந்த மறுவாரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் விதிதான் ஐயா. அவ தலையில அப்படி எழுதியிருந்துச்சு” என்றார்.

நான் வாதிடவில்லை. துயரத்தோடு வாதிடுவது பகுத்தறிவாகாது. சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்:

“ஆனா ஒண்ணு. ஆர்டர் அவசரம்னு அந்தச் சின்ன ரூம்ல அத்தனை பேரை உக்கார வைக்காம இருந்திருந்தா, அவ தப்பிச்சிருப்பா. முத நாள் கலந்த மருந்தை மிச்சம் வைக்காம இருந்திருந்தா, அந்த ரூமே தப்பிச்சிருக்கும்.”

கேட்டீர்களா, தோழர்களே! குட்மனைப் படிக்காத அந்த அம்மையார், குட்மனின் கேள்வியைத்தான் கேட்கிறார். எந்தச் சூழ்நிலை மாறியிருந்தால் தீ பற்றாதிருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். ஒரு மூச்சிலே விதியைச் சொல்லி, மறு மூச்சிலே விதியை மறுக்கிறார். விதி என்பது மாற்ற முடியாதது. அதற்கு ‘இருந்திருந்தால்’ கிடையாது. ‘இருந்திருந்தால்’ என்று எவர் வாயிலே சொல் பிறக்கிறதோ, அவர் நெஞ்சிலே விதி செத்துவிட்டது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவே!

‘விதி’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். தலையிலே எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதும் விதி. சட்டப் புத்தகத்திலே எழுதியிருப்பதும் விதி. முன்னதை எவரும் படித்ததில்லை. பின்னதை எவரும் படிக்கலாம். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. ஓர் அறையிலே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அவை வரையறுக்கின்றன. மீறப்படுகிற விதி இதுவாயிருக்க, குற்றம் சாட்டப்படுகிற விதி அதுவாயிருக்கிறது! ஒரே சொல்லின் மறைவிலே ஒருவர் பொறுப்பு இன்னொருவர் தலையெழுத்தாகிவிடுகிறது.

எங்கள் தீப்பெட்டியின் வரலாறே இதற்குப் பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெண் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகியது. அந்தத் தொழிலுக்கு அது தலைவிதி என்றுதான் அன்றும் பலர் நினைத்திருப்பர். ஆனால், ரசாயனம் வேறு வழி காட்டியது. வெண் பாஸ்பரஸை நீக்கி, செம்பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும், ஆக்சிஜன் தரும் உப்பைக் குச்சியின் முனையிலும் பிரித்து வைத்தால் ஆபத்து குறையும் என்று காட்டியது. காட்டியும் ஆலைகள் உடனே மாறினவா? இல்லை! 1888இல் லண்டன் மாநகரிலே தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி, தண்டத் தொகை ஆகியவற்றோடு அந்த நோயின் கொடுமையும் உலகின் பார்வைக்கு வந்தது. 1906இல் பெர்ன் நகரத்து உடன்படிக்கை வெண் பாஸ்பரஸுக்குத் தடை விதித்தது. வழியைக் காட்டியது விஞ்ஞானம். ‘வழி இருந்தும் ஏன் நடக்கவில்லை?’ என்று கேட்டது அறம். இரண்டும் கை கோத்தபோதுதான் தாடை பிழைத்தது.

‘விஞ்ஞானியும் தத்துவ ஆசிரியரும் பேசிப் பேசி என்ன கண்டார்கள்?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவேன். ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் அணுவுலகின் உண்மை பற்றி நடத்திய வழக்கை, பயனற்ற தத்துவச் சண்டை என்று ஒதுக்கியோர் பலர். 1964இல் ஜான் பெல் அதைச் சோதனையால் தீர்க்கக்கூடிய கேள்வியாக மாற்றினார். அந்தச் சோதனைகளைச் செய்தவர்களுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. கேள்வியைக் கூர்மையாக்குவதும் வேலைதான்; விடை அதன் பின்னரே வரும்.

நம் மண்ணிலும் இந்த உரையாடல் நடந்ததுண்டு. 1980 அக்டோபரிலே, நீலகிரி மலையின் குன்னூரிலே, அறிஞர்கள் கூடி விவாதித்தனர். அதன் விளைவாக, 1981இல் விஞ்ஞான மனப்பான்மை பற்றிய அறிக்கை வெளியாயிற்று. பி. என். ஹக்சர், ராஜா ராமண்ணா, பி. எம். பார்கவா ஆகியோர் அதில் முன்னின்றனர். மூட நம்பிக்கை வளர்கிறது, கேள்வி கேட்கும் பண்பு தளர்கிறது என்று எச்சரித்தது அறிக்கை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே அரசியல் சட்டம் கூறியிருந்த நாட்டிலே, அது தேவையான குரல். அதே ஆண்டு ஆஷிஸ் நந்தி மறுப்பு எழுதினார். விஞ்ஞானத்தைச் சமுதாயத்துக்கு மேலே பீடமிட்டு அமர்த்தாதீர்கள், அதிகாரத்தோடும் வன்முறையோடும் அதற்குள்ள உறவை மறைக்காதீர்கள், எளிய மனிதரின் அறிவை இகழாதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பகுத்தறிவு வழி நடப்போருக்கு ஹக்சர் குழுவின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. என் மனமும் அங்கேதான் சாய்கிறது. ஆயினும், பெரியம்மாவின் சொல்லைக் கேட்ட பின்னர், மறுப்பிலும் நமக்கு வேண்டிய பகுதி உண்டு என்பேன். சாத்திரத்தைக் கேள்வி கேட்கச் சொல்லித் தந்த நாம், நிபுணர் வாக்கைப் புதிய சாத்திரமாக்கலாமா? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்டது. புகையைக் குறைக்க நீரி ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் புதிய கலவைகளை ஆக்கினர். நல்ல பணி. வெடிப்பவரின் மூச்சுக் காற்று பற்றிய கேள்விக்கு அது விடை. மருந்து செலுத்தும் கை பற்றிய கேள்வியோ தனியே நிற்கிறது. பசுமைப் பட்டாசும் வெடிமருந்துதானே! எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது என்பதைச் சோதனைக் குழாய் முடிவு செய்வதில்லை. உரையாடலிலே யார் அமர்ந்திருக்கிறார் என்பதே முடிவு செய்கிறது.

நான் கேட்ட உரையாடல்களிலே அறிவு இருந்தது, நேர்மை இருந்தது. ஒருவர் கருத்தை ஒருவர் மதித்து மறுக்கும் பண்பும் இருந்தது. இல்லாதவை இரண்டு: தமிழ் இல்லை, தொழிலாளி இல்லை. தமிழுக்கு இது இயலாத காரியமோ? வஞ்சி மாநகரிலே பல சமயத்தார் வாதங்களையும் நேரில் சென்று கேட்டாள் மணிமேகலை என்று காப்பியம் செய்து வைத்த மொழியன்றோ! உணர்வும் பூதங்களின் கூட்டத்தால் பிறப்பதே என்ற பூதவாதியின் வாதத்துக்கும் அங்கே இடம் இருந்தது. அளவை நூலை அன்றே பேசிய மொழி, காரண ஆராய்ச்சியை இன்று பேசாதா?

ஆகவே, இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். ரசாயன ஆசிரியர் ஒருவரை அழையுங்கள். சட்டம் பயில்பவர் ஒருவரையும், தத்துவம் பயில்பவர் ஒருவரையும் அழையுங்கள். தொலைவில் இருப்போர் திரை வழியே வரட்டும். மருந்து அறையிலே வேலை பார்த்த அக்கா ஒருவரையோ அண்ணன் ஒருவரையோ முன்வரிசையிலே அமர்த்தி, முதற்பேச்சை அவரிடம் கொடுங்கள். நடந்த விபத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘எது இல்லாமல் இருந்திருந்தால் இது நேர்ந்திராது?’ என்று பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஆலை உரிமையாளரா, உள்குத்தகைக்காரரா, மேற்பார்வையாளரா, சோதனைக்கு வர வேண்டிய அதிகாரியா, பட்டாசைத் தள்ளுபடி விலைக்குக் கேட்டு நிற்கும் நாமா?

அந்தப் பட்டியல் முடியும்போது, தொழிலாளியின் கை அதிலே ஒரு வரியாக இருக்கும். முழுப் பட்டியலாக இராது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் செல்லுங்கள், தொழிற்சங்கத்துக்குச் செல்லுங்கள், பெரியம்மாக்களின் வீடுகளுக்கும் செல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்ட ‘இருந்திருந்தால்’களை, அவர்களுடைய பெயரிட்டே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.