ஊட்டிக்கு ஒரு ஏழைத் தம்பி

'மலையாளிகள் ஊருக்குப் போறேன்' என்றதும், 'அப்படியே நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிட்டு வாப்பா!' என்றார் நண்பர். அவர் நினைத்தது பாலக்காடு. நான் பஸ் ஏறியது கள்ளக்குறிச்சியில்!

கல்வராயன் மலையில் வசிக்கும் பழங்குடி மக்களுக்குப் பெயர்தான் மலையாளி. மலையை ஆள்பவர் என்று பொருள். பேசுவது சுத்தமான தமிழ். மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம். கோமுகி, மணிமுக்தா நதிகள் பிறக்கிற மலை இது. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. கரியாலூரில் இறங்கினால் ஜில் காற்று, படகு சவாரி. கொஞ்சம் சுற்றினால் பெரியார், மேகம் அருவிகள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் குளிக்கலாம். கடுங்கோடையில் போனால் பாறையைப் படம் பிடிக்கலாம்!

டீக்கடையில் ஒரு பெரியவரிடம், 'ஐயா, உங்க ஊருக்கு எப்ப சுதந்திரம் வந்துச்சு?' என்றேன். 'எழுபத்தாறுல தம்பி' என்றார் அலட்டிக்கொள்ளாமல்.

ஜோக் இல்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் இந்த மலையைப் பங்குபோட்டு ஆண்டார்கள். வரி அவர்களுக்குத்தான். 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தும், மலை அரசின் கைக்கு வந்தது 25.6.1976 அன்று. எமர்ஜென்சி பிறப்பித்துச் சரியாக ஒரு வருஷம்! ஊருக்கெல்லாம் உரிமையைப் பறித்த எமர்ஜென்சி, இங்கே மட்டும் ஜாகீரைப் பறித்தது. 1947-லிருந்து கணக்குப் போட்டால் 29 வருஷ அரியர்ஸ். நான் பி.காம். வட்டியோடு போட்டுப் பார்த்தேன். பைசல் ஆகிற கடனாகத் தெரியவில்லை.

2024-ல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டது அருவியும் படகும் இல்லை. ரோடும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும்.

'ஏழைகளின் ஊட்டி' என்று இந்த மலைக்குச் செல்லப் பெயர் உண்டு. ஏழை என்பது மேலே போகிற நம்மையா, அங்கேயே இருக்கிற அவர்களையா?

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் தாராளமாகப் போய் வாருங்கள். கட்டுச்சோற்று மூட்டையைக் கீழேயே வைத்துவிட்டு, கரியாலூர்க் கடையிலேயே சாப்பிடுங்கள். சாமை, தேன், கடுக்காய் கிடைத்தால் மலைக்காரரிடமே வாங்குங்கள். பேரம் மட்டும் வேண்டாம் சார். அவர்கள் ஏற்கெனவே 29 வருஷம் தள்ளுபடி கொடுத்தாயிற்று!