கிணற்றுக்குள் ஒரு சிப்பாய்

திருவிடந்தை நித்ய கல்யாணப் பெருமாள் கோயில். கல்யாணம் ஆகாதவர்கள் மாலையும் கழுத்துமாகப் பிராகாரத்தை ஒன்பது சுற்று வருகிறார்கள். நம்ம ஆபீஸ் நண்பரும் சுற்றினார். சட்டைப் பையில் ஒரு டப்பா. உள்ளே 28 மில்லிமீட்டர் உயரத்தில் சிப்பாய் பொம்மைகள்!

"மேஜை மேல யுத்தம் நடத்தற விளையாட்டு சார். பெயின்ட் நாமே அடிக்கணும்."

"எந்த யுத்தம்?"

"இதோ, பக்கத்துக் கோவளம்!"

பஸ் ஏறினோம். 1752-ல் கோவளம் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில். பிடிக்க வந்த ராபர்ட் கிளைவிடம் 200 வெள்ளைக்காரர்கள், 500 சிப்பாய்கள். எல்லோரும் வேலைக்குப் புதுசு! குண்டு பட்டு ஒருத்தன் விழுந்ததுமே மிச்சப் பேர் ஓட்டம். பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்ட காவலாளி ஒருவனைக் கடைசியில் கிணற்றுக்குள் கண்டுபிடித்தார்கள். ஆபத்தான இடத்தில் கிளைவ் தானே முன்னால் போய் நின்றார். பயம் தெளிந்தது. கோவளம் விழுந்தது, அடுத்து செங்கல்பட்டும். 1753 பிப்ரவரியில் கிளைவுக்குச் சென்னையில் டும் டும் டும்!

இன்று கோவளத்தில் மீன் படகுகள், அலைச்சறுக்குப் பலகைகள். மணலில் உட்கார்ந்து நண்பர் டப்பாவைத் திறந்தார்.

"கடை பொம்மை எல்லாம் நெஞ்சை நிமிர்த்திட்டு நிக்குது. இவனை மட்டும் நானே செஞ்சேன்."

பாட்டில் மூடி அளவு கிணறு. உள்ளே அண்ணாந்து பார்க்கும் ஒரு முகம்.

"கண்ணுக்கு மட்டும் மூணு ராத்திரி ஆச்சு சார். பொண்ணு பார்க்கப் போறதுன்னா நானும் இப்படித்தான்..."

"கவலைப்படாதீங்க. நான் முன்னால போறேன்" என்றேன்.