ஸ்கின் கலர் குச்சி

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் முகத்தை வரையச் சொன்னால், முதலில் தேடுவது 'ஸ்கின் கலர்' குச்சியைத்தான். வெளிறிய ஓர் இளஞ்சிவப்பு அது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 'சதை' என்ற பொருளில் பெயரிட்டு விற்ற கிரேயானை 1962-இல் 'பீச்' என்று மாற்றிக்கொண்டது. பீச் பழம் கொடைக்கானலிலும் விளைகிறது. ஆனால் அந்த மலைக் கிராமங்களான மன்னவனூரிலோ பூம்பாறையிலோ அந்தச் சாயலில் ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே பிள்ளைகளின் கன்னம் குளிரில் வெடித்து, மாநிறத்துக்கு மேலே செங்கல் பூத்தாற்போல இருக்கும். கீழே பழனி அடிவாரத்தில் அந்தக் குச்சிக்கு ஒரே ஒரு வேலை உண்டு: கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால், முடியிறக்கிய மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்துக்கு ஆகும். சந்தனத்துக்குக் கீழே இருக்கிற நெற்றிக்கு அது ஆகாது.

அதனால்தான், பிள்ளைகள் தங்கள் முகத்தை வரைய கிரேயானைவிட சாக் பேஸ்டலே மேல் என்கிறேன். கிரேயானில் மெழுகு இருக்கிறது; ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்த்தால் வழுக்கும், பிடிவாதமாகத் தன் நிறத்திலேயே நிற்கும். சாக் பேஸ்டல் என்பது வண்ணத்தூளும் வெள்ளைத்தூளும். பிடித்துவைக்கக் கொஞ்சமே கொஞ்சம் பிசின். சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் தூள் போய் உட்காரும். காவிக்கு மேல் கறுப்பு, அதன்மேல் துளி மஞ்சள் வைத்து விரலால் இழுத்தால் மூன்றும் கலந்து, பெட்டியில் இல்லாத ஒரு பழுப்பு வந்துவிடும். முகத்துக்கென்று தனிக் குச்சி எதற்கு? அதிலும் பழுப்புத் தாளிலோ கறுப்புத் தாளிலோ வரையவிட்டால், தாளே தோலாகிவிடுகிறது. வெளிச்சம் விழுகிற மூக்கு நுனிக்கும் நெற்றியில் இட்ட திருநீற்றுக்கும் மட்டும்தான் வெளிர்நிறம் தேவைப்படும்.

இதெல்லாம் பிள்ளைகளுக்குக் கைவருமா என்று கேட்பவர்கள், ஒரு கிழவர் செய்ததைப் பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் ஷார்தென் வாழ்நாளின் பெரும்பகுதி எண்ணெய் வண்ணத்தில் பானை, பழம், செத்த முயல் என்று வரைந்தவர். எழுபதை ஒட்டிய வயதில் கண் கெட்டது. எண்ணெய் வண்ணத்தில் இருந்த ஈயம் காரணம் என்பார்கள். அவர் பேஸ்டலை எடுத்தார். 1771-இல் மூக்குக்கண்ணாடியோடும், 1775-இல் கண்மேல் மறைப்பு கட்டிக்கொண்டும் தன்னையே வரைந்த படங்கள் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எட்ட நின்றால் சிவந்த கிழட்டு முகம். கிட்டப் போனால் கன்னத்தில் நீலக் கீற்று, பச்சைக் கீற்று. வெள்ளைக்கார முகத்தையே ஒற்றைக் குச்சியில் முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. பார்வை மங்கியவருக்கு இந்தத் தூள் வளைந்துகொடுத்தது என்றால், விரலால் தேய்ப்பதையே விளையாட்டாக நினைக்கிற வயதுக்கு வளைந்துகொடுக்காதா?

குழந்தைக்கு நிற அரசியல் தெரியாது, நாமாக ஏற்றிச் சொல்கிறோம் என்பார்கள். தெரியாது என்பதுதான் சிக்கல்; பெட்டியில் எழுதியிருப்பதைப் பெயர்ச்சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. இன்னொரு வாதம் கனமானது: இப்போதுதான் விதவிதமான தோல் நிறங்களில் குச்சிகள் வருகின்றனவே, அதை வாங்கிக்கொடுத்தால் போதாதா? வெளிறிய ஒன்றைவிட அது நல்லதுதான். ஆனால் வரிசையாக அடுக்கிய குச்சிகளில் கையை வைத்துப் பார்த்து 'நீ இது, நான் அது' என்று பிரித்துக்கொள்வது, 'மணமகள் தேவை' விளம்பரத்தில் மாநிறம், சிவப்பு என்று தரம்பிரிப்பதற்கு ஒத்திகை மாதிரி இருக்கிறது. கலக்கிப் பார்க்கிற பிள்ளைக்குக் காது ஒரு நிறம், கண்ணுக்குக் கீழே ஒரு நிறம், கழுத்து இன்னொன்று என்று தெரிந்துபோகும். எந்த முகமும் ஒரு குச்சிக்குள் அடங்காது.

முகம் முகமாகவே வராதே என்றால், வராதுதான். சின்னப் பிள்ளை கண்ணில் படுவதை அல்ல, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1927-லேயே புத்தகம் எழுதிவிட்டார். பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண் இருந்தால் இருக்கட்டும். கை கண்ணெதிரே கிடக்கிறது, அதன் நிறத்தையாவது பார்க்கலாம்.

தூள்தான் நிஜமான தொல்லை. ஊதக் கூடாது, வெளியே கொண்டுபோய்த் தாளைத் தட்ட வேண்டும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு வேறு வண்ணம் கொடுத்துவிட வேண்டும். கொடைக்கானல் மழைக்காலத்தில் தாள் நமுத்துத் தூள் திட்டுத்திட்டாக ஒட்டும். பத்திரப்படுத்துவதும் பாடு: கண்ணாடிச் சட்டத்துக்குப் பள்ளிக்கூடத்தில் காசு ஏது? மேலே ஒரு மெல்லிய தாளை ஒட்டி அனுப்பினாலும், வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி முகம் கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கும். போகட்டும், அடுத்த பருவத்தில் முன்பல் விழுந்த முகத்தை வேறு வரைய வேண்டியிருக்கிறது.